மூன்றாவது குழாய்

திருப்பதி
12 ஜனவரி 2025

போனை எடுக்காத பெரிய மனிதருக்கு,

கோதை எழுதுவது. உங்கள் மனைவிதான், நினைவிருக்கும் என்று நம்புகிறேன். போன் செய்தால் மணி அடித்து ஓய்கிறது. மெசேஜ் போட்டால் படித்ததற்கு நீலக் குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் லாட்ஜ் பில் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதி, பிச்சாட்டூர் பஸ் கண்டக்டர் ரமணாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கிறவரை நகர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். பஸ் லேட்டானால் பழி உங்களுக்கு.

பாம்பு கடித்தது உங்களை. ஐசியூவில் கிடந்ததும் நீங்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை தொண்டைக்குள் குழாய் இறங்கி ஏறியதும் உங்களுக்குத்தான். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் பிழைத்து வீட்டுக்கு வந்து, தீபாவளி முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டீர்களே, அது ஏன் என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதுவும் கட்டுவிரியன் கடித்த அதே வீட்டுக்கு. பாம்பே தேவலை என்று ஒரு மனுஷன் முடிவு செய்தால் மனைவி என்ன நினைப்பாள்?

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வேலை பார்க்கிற லாட்ஜின் ரிசப்ஷனில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பஸ் ஸ்டாண்டு. நீங்கள் பதிவு செய்து கொடுத்த அறிவிப்பைத்தான் இன்னமும் போடுகிறார்கள். "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. வேலூர் பஸ்ஸுக்கு ஒரு தடவை, காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு ஒரு தடவை, திருத்தணிக்கு ஒரு தடவை. ஊருக்கெல்லாம் கூப்பிடுகிறீர்கள். குரலை வைத்துவிட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ரமணா உங்களைப் பார்த்தாராம். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போவதற்குள் பல இடத்தில் நின்று நின்று போனீர்களாம். "அக்கா, அண்ணனுக்கு மூச்சு இய்க்கும்போது விசிலு மாரி சத்தம் வருது. வெளிய வுடும்போது இல்ல, உள்ள இய்க்கும்போது" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபரிசோதனைக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் எத்தனை தடவை போன் செய்தார்கள் தெரியுமா? பொங்கல் முடிந்ததும் கிளம்பி வாருங்கள். என்னோடு பேச வேண்டாம். டாக்டரிடம் மட்டும் தொண்டையைக் காட்டிவிட்டுப் போங்கள்.

கோதை


பிச்சாட்டூர்
19 ஜனவரி 2025

கோதைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் படித்து முடிக்கிறவரை ரமணா நகரவில்லை. முதலில் வெறும் சரி என்று எழுதிக் கொடுத்தேன். அதை எடுத்துப் போக மாட்டேன் என்றான். ஆகவே இது.

போனை எடுத்து என்ன செய்வது? எடுத்தால் எதிர்ப்பக்கம் "ஹலோ, ஹலோ" என்கிறார்கள். குரல் போன பிறகு நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை. சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறார்கள். நான் உயிரோடு இருப்பதற்கு அடையாளம் நீலக் குறி ஒன்றுதான்.

மூச்சு வீசிங்தான். இங்கே ஒரு டாக்டர் பார்த்து, இழுத்துக்கொள்ள மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். இழுத்துக்கொள்கிறேன்.

ஏன் வந்தேன் என்று கேட்டிருக்கிறாய். நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியில் என் குரல். மூடினாலும் என் குரல். ஒரு மனிதன் செத்த பிறகுதான் அவன் குரலை டேப்பில் கேட்பார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். அது பாதிக் காரணம்.

மீதிக் காரணம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

முதல் குழாயை நானே பிடுங்கினேன் என்றார்கள். எனக்கு நினைவில்லை. அதன் பிறகு இரண்டாவது. கையைக் கட்டிலோடு கட்டினார்கள். அது நினைவிருக்கிறது. இரண்டாவதை எடுத்தபோது, உன் காதை என் வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, இன்னொரு முறை வேண்டாம் என்றேன். தலையாட்டினாய்.

அதற்கப்புறம் வாயில் தண்ணீர். குளிர்ந்த, கொஞ்சம் தண்ணீர். பச்சைக் கற்பூரமும் துளசியும் கலந்த ருசி. படுத்திருக்கிறவன் வாயில் கரண்டியால் தீர்த்தம் ஊற்றுவது எதற்கு என்று எனக்குத் தெரியும். என் நைனாவுக்கு, அப்பாவின் கடைசி நேரத்தில், நானே ஊற்றியிருக்கிறேன். சரி, இவள் முடிவு செய்துவிட்டாள், நான் போகிறேன் என்று நினைத்தேன். விழுங்கப் பார்த்தேன், முடியவில்லை. அது உள்ளே வேறு வழியில் போனது. நெஞ்சு வெடித்தது. பிறகு ஒரு டாக்டர் தெலுங்கில் கத்தினார். "எந்துக்கு போசாவம்மா?" ஏன் ஊற்றினாய் என்று. நீ "தப்பாயிந்தி சார்" என்றாய். உன் குரல் எனக்குத் தெரியாதா? பிறகு மூன்றாவது குழாய்.

என்னை வழியனுப்பிவிட்டாய், பிறகு இழுத்துப் பிடித்தும் வைத்தாய். இரண்டில் எது நீ என்று தெரியாமல் அந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவது?

இனி எந்தக் குழாயும் என் தொண்டையில் இறங்காது.

சம்பத்


திருப்பதி
23 ஜனவரி 2025

அறிவிப்பாளர் அவர்களுக்கு,

எழுதிவிட்டீர்கள். மூன்று மாதம் மனதில் ஊறப்போட்டு, ஒரே பக்கத்தில் பிழிந்து அனுப்பிவிட்டீர்கள். படித்துவிட்டு லாட்ஜ் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு கஸ்டமர் பெட்டியோடு தாண்டிப் போனார்.

உங்களை நான் வழியனுப்பவில்லை. ஒரு நிமிஷம்கூட அப்படி நினைக்கவில்லை. தீர்த்தத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். சத்தியம் செய்யச் சொன்னாலும் அதற்கு மேல் எழுத மாட்டேன்.

மூன்றாவது குழாய்க்குச் சரி என்று சொன்னது நான்தான். உங்கள் உதடு நாவல்பழ நிறத்துக்குப் போய்விட்டது. தலையாட்டிய வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நான் நிற்கவா? மறுபடியும் அப்படி ஆனாலும் சரி என்றுதான் சொல்வேன். இதற்கு மன்னிப்பெல்லாம் கிடையாது.

வேண்டுமானால் இன்னொன்றுக்காகத் திட்டுங்கள். மூன்றாவது குழாய் போட்ட பிறகு, இப்படித் திரும்பத் திரும்ப வாய் வழியாகப் போட்டால் உள்ளே புண்ணாகும், கழுத்தில் சின்னதாகத் துளை போட்டு அதன் வழியாக மூச்சு கொடுக்கலாம் என்று டாக்டர்கள் கேட்டார்கள். நான் முடியவே முடியாது என்றேன். கழுத்தில் ஓட்டை போட்டால் குரல் போய்விடும், அவர் குரலை வைத்துப் பிழைக்கிறவர் என்று சண்டை போட்டேன். குரலுக்காகக் குழாயை வைத்திருந்தேன். குழாய் குரலைத் தின்றுவிட்டது. தினமும் அந்த ஒலிபெருக்கி எனக்கு இதைத்தான் சொல்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை.

இனி கவனமாகப் படியுங்கள். நீங்கள் கிணற்றடியில் மூச்சு வாங்குவதை ரமணா உங்களுக்குத் தெரியாமல் போனில் படம் பிடித்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு போய் கௌசிகா டாக்டரைப் பார்த்தேன். மூச்சுக்குழாய் ஆபரேஷன் செய்கிற அம்மா. சத்தத்தைக் கேட்டதுமே வீசிங் இல்லை என்றார். குழாய் உரசி உரசிப் புண்ணான இடம் ஆறும்போது தழும்பாக இறுகுமாம். சட்டைக் கையை நூல் போட்டுச் சுருக்குவது மாதிரி மூச்சுப் பாதை சுருங்கிக்கொண்டே வருமாம். ஒரு சளி பிடித்தால் போதும், அடைத்துவிடும் என்றார். இழுக்கிற மருந்து இதற்கு ஒன்றும் செய்யாதாம்.

வாய் வழியாகக் குழாய் போட மாட்டார்களாம். நீங்கள் விழித்திருக்கும்போதே கழுத்தை மரக்கச் செய்து, சுருங்கிய இடத்துக்குக் கீழே துளை போடுவார்களாம். நான் வேண்டாம் என்று சண்டை போட்டேனே, அதே துளை. அப்புறம் புண் அடங்கினதும் சுருங்கிய பகுதியை வெட்டி ஒட்டுவார்களாம்.

வாருங்கள். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், நான் எங்கும் ஓடிப்போக மாட்டேன்.

கோதை


பிச்சாட்டூர்
2 பிப்ரவரி 2025

கோதைக்கு,

டாக்டர் சொன்னது சரியாக இருக்கலாம். இப்போது படுக்க முடிவதில்லை. தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறேன். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் மூச்சு முட்டுகிறது. விசில் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

வருவதற்குப் பயம். எழுதினால் உனக்குப் புரியுமா தெரியவில்லை. ஐசியூவில் நான் இருந்த இடம் ஐசியூ இல்லை. பஸ் ஸ்டாண்டு. என்னைப் பிளாட்பாரத்தில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். சுற்றிலும் மொட்டையடித்த தலைகள், சந்தனம் பூசி, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு. எல்லாரும் என் முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சொன்னால்தான் அவர்களுக்குப் பஸ் தெரியும். பஸ்கள் ஒவ்வொன்றாகக் காலியாகக் கிளம்பின. எனக்கு வாய் நிறையக் குழாய். கை கட்டியிருந்தது. சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. சும்மா பார்த்தார்கள். அதுதான் தாங்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் தன் பெயரை என் காதில் சொல்லி, அம்மாவைக் கூப்பிடச் சொன்னது. காணாமல் போன குழந்தை. அந்தப் பெயரை நான் கூப்பிடவே இல்லை. இன்றும் அந்தப் பெயர் தெரியும். எழுத மாட்டேன், எழுதினால் உனக்கும் அது வந்துவிடும்.

இங்கேயும் கண்ணை மூடினால் வருகிறார்கள். பகலில்கூட. ஏரிக் கரையில் போய் உட்கார்ந்தால், தண்ணீருக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கிறார்கள்.

கழுத்தில் துளை என்கிறாய். அங்கே படுத்தபிறகு என் வாயும் கழுத்தும் என்னுடையவை இல்லை, உன்னுடையவை. நீ சரி என்றால் குழாய். நீ வேண்டாம் என்றால் ஓட்டை இல்லை. நீ நினைத்தால் தீர்த்தம். அதைப் பற்றிக் கேட்காதே என்றும் எழுதிவிட்டாய். அப்படியானால் பதில் ஆமாம் என்பதுதான். நம்ப முடியாத கையில் மறுபடியும் எப்படிப் போய்ப் படுப்பது?

அம்மா நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுக்கிறாள். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அது போதும்.

சம்பத்


திருப்பதி
6 பிப்ரவரி 2025

மாமா,

கல்யாணமான புதிதில் இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் வெட்கப்பட்டு வேண்டாம் என்றீர்கள். இன்றைக்கு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

உட்கார்ந்தே தூங்குகிறார் என்று சொன்னதும் கௌசிகா டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இன்னும் ஏம்மா வீட்ல வெச்சிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டார். அவர் தெற்கத்திக்காரர், இங்கே வந்து நம்ம பேச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் ஓடி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

என் கையை நம்ப வேண்டாம். சரி. கையெழுத்தை நீங்களே போடுங்கள், விழித்துக்கொண்டுதானே இருக்கப் போகிறீர்கள். நான் வார்டுக்கு வெளியே நிற்கிறேன். அதுவும் கூடாது என்றால் கீழே தெருவில் நிற்கிறேன். உங்களை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது ஒன்றுதான் எனக்கு வேண்டும். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே வேண்டாம் என்றாலும் சம்மதம். இதைப் பொய்யாக எழுதவில்லை.

பஸ் ஸ்டாண்டு ஆபீசில் போய் அந்தப் பதிவை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதே, நிறுத்தினால் வருவீர்கள் என்று. வேறு குரல் தயாராக இருக்கிறது, நாளையிலிருந்து மாற்றிவிடலாம் என்றார்கள். படி இறங்கியவள் திரும்பிப் போய், வேண்டாம் சார், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னால் முடியவில்லை. நீங்கள் வராமலே போய்விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

சிவராத்திரிக்குள் வரவில்லை என்றால் ஆம்புலன்ஸோடு வந்து வாசலில் நிற்பேன். ஊரே வேடிக்கை பார்க்கட்டும்.

கோதை


பிச்சாட்டூர்
14 பிப்ரவரி 2025

கோதை,

அம்மா பக்கத்து வீட்டு வெங்கடம்மாவோடு வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே சாய்ந்திருந்தேன். வெங்கடம்மாவின் மருமகனுக்கு உடம்பு சரியில்லை. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று அவள் அழுதாள். அம்மா தைரியம் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எத்தினி டாக்டரு, எத்தினி மிசினு. எங்க கேட்டுது? நான் செருப்பில்லாம மலையேறிப் போயி, கையில வாங்குன தீர்த்தத்த நான் குடிக்காம பாட்டுல்ல வுட்டு எத்துக்கினு வந்தன். ஆசுபத்திரில கோதைய டாக்டரு கூப்ட்டு வெளிய பேசிக்கினு இருந்தாரு. அந்த நேரம் பாத்து ஒரு கரண்டி எம் புள்ள வாயில வுட்டன். அப்பறம்தான் பொயச்சான். யாருக்கும் தெரியாது. கோதைக்கே தெரியாது."

எழுந்து வாசல் வரை போனேன். கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்து, பசிக்கிறதா என்று கேட்டாள். உரித்த கடலையில் ஒரு கை அள்ளி நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

குரல் இருந்திருந்தால் அந்த நிமிஷமே கேட்டிருப்பேன். நீ ஊற்றிய தண்ணீர்தான் என் நெஞ்சுக்குள் போனது, அதனால்தான் மூன்றாவது குழாய், அதனால்தான் இந்த விசில் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பேன். அவள் அங்கேயே விழுந்திருப்பாள். குரல் போனதில் முதல் தடவையாக ஒரு நல்லது நடந்தது.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே அந்த டாக்டரிடம் திட்டு வாங்கினாய். தெரிந்தே நான் எழுதியதை எல்லாம் வாங்கிக்கொண்டாய். ஏன் சொல்லவில்லை? இத்தனை மாதம் நான் உன்னை எப்படிப் பார்த்தேன் என்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வருகிறேன். நீ தெருவில் நிற்க வேண்டாம். என் பக்கத்தில் நில். திங்கள்கிழமை ரமணாவின் முதல் பஸ். அம்மாவும் வருவேன் என்கிறாள். பாட்டிலை இப்போதே பையில் வைத்துவிட்டாள். அதே பாட்டில். தீரத் தீரத் தண்ணீர் விட்டு, கற்பூரம் கிள்ளிப் போட்டு வைத்திருக்கிறாள். அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். எடுத்து எறியவும் முடியவில்லை.

சம்பத்


திருப்பதி
15 பிப்ரவரி 2025

மாமா,

ரமணா வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும், அதனால் சுருக்கமாக.

கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்தேன். டாக்டர் பேசிக்கொண்டே இருக்க, ஓடி வந்தேன். அதற்குள் கரண்டி உங்கள் வாயில் இருந்தது. அத்தையின் பாதம் முழுக்கக் கொப்புளம். மலையிலிருந்து இறங்கிய காலோடு நேரே வந்திருந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் பார்த்தது தெரியாமல் பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு வெளியே போனார்கள், அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் புரையேறியது. டாக்டர் யார் என்று கத்தியபோது என் வாய் தானாக நான்தான் என்று சொல்லிவிட்டது. அப்புறம் அதை மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் நைனா போன பிறகு அவர்களுக்கு நீங்கள் ஒருவர்தான். மகனுக்குத் தானே இப்படிச் செய்துவிட்டோம் என்று தெரிந்தால் அந்த மனுஷி சோறு தின்பார்களா?

நீங்கள் கோபப்பட்டால் என்மேல்தான் பட வேண்டும் என்று நினைத்தேன். என்மேல் பட்டால் ஒருநாள் தணியும் என்று ஒரு நம்பிக்கை. நன்றாகத்தான் சோதித்தீர்கள்.

அத்தைக்குத் தெரிய வேண்டாம். நமக்குள் இருக்கட்டும். பாட்டிலைக் கொண்டு வரட்டும், தடுக்காதீர்கள், பிடுங்காதீர்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜன்னல் ஓரம் உட்காருங்கள். காற்று வேண்டும் உங்களுக்கு.

கோதை


ஆஸ்பத்திரி வார்டு, திருப்பதி
19 பிப்ரவரி 2025

கோதை,

நீ மருந்து வாங்கப் போயிருக்கிறாய். அட்டையில் காகிதம் வைத்து எழுதுகிறேன். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாதது எவ்வளவு வசதி. என்ன எழுதுகிறாய் என்றாள். பஸ் டைம் என்று சைகை காட்டினேன். நம்பிவிட்டாள்.

துளை போடும்போது பயந்த அளவுக்கு இல்லை. கழுத்தில் அழுத்தம், பிறகு திடீரென்று காற்று. மாதக்கணக்கில் ஸ்ட்ரா வழியாக இழுத்துக்கொண்டிருந்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அழுதேன். சத்தம் வரவில்லை. நீ கண்ணீரைப் பார்த்து வலி என்று நினைத்துவிட்டாய். வலி இல்லை.

அவர்கள் இங்கேயும் வந்திருக்கிறார்கள், அந்த மொட்டைத் தலைகள். கட்டிலைச் சுற்றி இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம். அந்தக் குழந்தையும் நிற்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் உள்ளே வருவதில்லை.

கௌசிகா டாக்டர் காலையில் எல்லார் முன்னாலும் சொன்னார்: வாயில் இப்போதைக்கு ஒரு சொட்டு கூடாது, விழுங்குகிற பாதை இன்னும் சரியாகவில்லை. அம்மாவும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். டாக்டர் போனதும், தீர்த்தம் தண்ணியில சேராது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இப்போது பையைத் திறக்கிறாள். பாட்டிலை எடுத்து முந்தானையால் துடைக்கிறாள். கரண்டியும் இருக்கிறது. நான் தலையை அசைக்கிறேன், அவள் சிரிக்கிறாள். கொஞ்சம்தாண்டா என்கிறாள். கோதை சீக்கிரம்


அதே வார்டு
19 பிப்ரவரி, மாலை

மாமா,

நீங்கள் தூங்குகிறீர்கள். படுத்துத் தூங்குகிறீர்கள், அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். விழித்ததும் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அத்தை முன்னால் வாயால் சொல்ல முடியாது.

நான் வந்தபோது கரண்டி நிறைந்திருந்தது. உங்கள் கண் என்னைத் தேடியது. கையைத் தட்டிவிட்டிருக்கலாம். தட்டியிருந்தால் அத்தை ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று ஒரு தடவை கேட்டால் அன்றைக்கு நடந்தது வரைக்கும் போய்த்தான் நிற்கும்.

அதனால் கட்டிலுக்கும் அத்தைக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, "அத்த, எனக்கு வுடு" என்று வாயைத் திறந்தேன்.

அவர்கள் முழித்தார்கள். "அவருக்கு வாயி கட்டிப்போட்டுக்கீது. பொண்டாட்டி பாதி ஒடம்புன்னு நீதான சொல்லுவ? நான் முயிங்குனா அவருக்கும் எறங்கும்" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. அத்தை கரண்டியையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கு உயிர் போய் வந்தது. அப்புறம் என் தாடையைப் பிடித்து, நீங்கள் சின்ன வயதில் எப்படி மருந்து குடித்திருப்பீர்களோ அப்படி ஊற்றினார்கள். விழுங்கினேன். உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எறங்கிட்ச்சி பாரு. மூஞ்சி தெளிஞ்சி போச்சி" என்றார்கள்.

உண்மையிலேயே தெளிந்திருந்தது மாமா. பயத்தில் இறுகியிருந்தது விட்டுப் போயிருந்தது.

நாளைக்கும் ஊற்றுவார்களாம். நீங்கள் எழுந்து நடக்கிறவரை தினமும். சரி என்று சொல்லிவிட்டேன். அத்தை வரும்போதெல்லாம் நான் இங்கே இருப்பேன். லாட்ஜில் லீவு சொல்லியாகிவிட்டது. கொடுக்காவிட்டாலும் கவலையில்லை.

உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். விழுங்கிப் பல மணி நேரம் ஆகிவிட்டது. டீ குடித்தேன், வெற்றிலை போட்டேன். இன்னும் போகவில்லை. பச்சைக் கற்பூரம், துளசி, கொஞ்சம் குளிர்ச்சி. நீங்கள் எழுதிய அதே ருசி. சற்று முன் கதவுப் பக்கம் திரும்பினேன். யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. சின்ன உயரம். நான் பயப்படவில்லை. உன் பேர் என்னம்மா, நான் கூப்பிடுகிறேன், எனக்குக் குரல் இருக்கிறது என்றேன்.

அது உங்களை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டதென்றால் வரட்டும். என் நாக்கில் இருக்கட்டும். நீங்கள் தூங்குங்கள்.

கோதை